சாவி யார் கையிலே?

“தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், அதிகாரமில்லாத போலீஸ்!”

வேலூரைப் பற்றி ஒரு காலத்தில் கேலியாகச் சொல்லப்பட்ட பட்டியல் இது. வேலூர்க்காரரே சொல்லிச் சிரிப்பார். வெளியூர்க்காரர் சொன்னால் மட்டும் கோபம் வரும்! தண்ணீரில்லாத ஆறு பாலாறு. மரமில்லாத மலை, ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள். மற்ற மூன்றுக்கும் விலாசம் ஒன்றே. கோட்டை! அங்கேதான் அரசனில்லாத மாளிகைகள் இருந்தன. அங்கேதான் மூலவர் இல்லாத கோயில் இருந்தது. அங்கேதான் காவலர் பயிற்சிப் பள்ளியும் நடந்தது. காக்கி உடுத்திக் கவாத்துப் பழகி, ஒரு திருடனைப் பிடிக்கவும் இன்னும் உத்தரவு பெறாத இளைஞர்கள்தான் அந்த ‘அதிகாரமில்லாத போலீஸ்’.

கேலிதான். ஆனால் கேலிக்குள்ளே நானூறு ஆண்டு வரலாறு ஒளிந்திருக்கிறது. அரசன் குடியிருக்க எழுந்த இடத்திலே கைதி குடியிருந்தான். கைதி போன இடத்திலே கச்சேரி நடந்தது. தெய்வம் இருந்த இடத்திலே தளவாடம் கிடந்தது. கல் அதேதான், மதில் அதேதான், சாவி மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது.

அந்தச் சாவி இன்று யார் கையிலே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

நீர் நடுவே ஒரு நிலம்

தீவு என்றால் கடலிலேதான் இருக்க வேண்டுமா? நாலு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு. அப்படிப் பார்த்தால் வேலூர்க் கோட்டையும் ஒரு தீவுதான். இயற்கை கொடுத்த தீவு அல்ல. மனிதன் வெட்டிய தீவு. 133 ஏக்கர் பரப்பு. சுற்றிலும் அகன்ற அகழி. அகழியைத் தாண்டினால் கருங்கல் மதில். அதன் பின்னே உயர்ந்த இன்னொரு மதில். அந்த நாளில் அகழியிலே முதலைகளை விட்டிருந்தார்கள் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். எதிரிக்குப் பயம் காட்ட எழுந்த கதை, இன்று சோறு உண்ண மறுக்கும் பிள்ளைக்குப் பயம் காட்ட உதவுகிறது!

ஞாயிற்றுக்கிழமை மாலையிலே போய்ப் பாருங்கள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வாரமெல்லாம் காலணித் தொழிற்சாலையில் தையல் பொறிக்கு முன்னே குனிந்திருந்த பெண், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் புல்வெளியிலே நடக்கிறாள். வாணியம்பாடித் தோல் மண்டியிலே மூட்டை சுமந்தவர் மதில் நிழலிலே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சுண்டல் விற்பவர் கூவுகிறார். பெரிய மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளத்துக் குடும்பம், சீட்டும் கையுமாகக் காத்திருந்த அலுப்புத் தீரக் காற்று வாங்குகிறது.

புல்வெளி அவர்களுக்குச் சொந்தம். மதிலின் நிழல் அவர்களுக்குச் சொந்தம். மாளிகைகளோ? திப்பு மகால், ஐதர் மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால் – ஐந்து பெயர்கள்! பெயரைக் கேட்டாலே பிள்ளை கேட்கிறான்: “அம்மா, உள்ளே என்ன இருக்கிறது?” அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் படித்த பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. காரை உதிர்ந்த சுவரும் விரிசலில் முளைத்த செடியும்தான் விடை சொல்லி நிற்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் சொல்லுவோம்.

கட்டியவர் ஒருவர், ஆண்டவர் பலர்

பதினாறாம் நூற்றாண்டிலே, விசயநகரப் பேரரசின் கீழிருந்த சின்ன பொம்மு நாயக்கர் காலத்துக் கோட்டை இது என்பர். தலைக்கோட்டைப் போருக்குப் பின் பேரரசு தேய்ந்தது. தெற்கே நகர்ந்து வந்த அந்த அரச குலம் கடைசிக் காலத்திலே சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்டது. ஆக, ஒரு காலத்திலே வேலூர் தலைநகரம்!

தலைநகரம் என்றால் தலை உருளும் நகரமும் கூட. 1614-ல் இரண்டாம் வேங்கடபதி மறைந்தார். அரியணைக்குச் சண்டை மூண்டது. பட்டத்துக்கு வந்த சீரங்கராயரும் அவர் குடும்பத்தாரும் இந்தக் கோட்டைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். ஒரு சிறுவன் மட்டும் தப்பினான். இராமதேவன் என்பது அவன் பெயர். தப்புவித்தது யார்? படைத்தலைவனா? மந்திரியா? இல்லை. துணி வெளுக்கும் ஒரு தொழிலாளி! அழுக்கு மூட்டைக்குள்ளே அரச குமாரனை வைத்துத் தூக்கிக்கொண்டு, காவலர் கண் முன்னாலேயே வாசலைக் கடந்து போனான் அந்த மனிதன். பின்னாளில் இராமதேவன் அரசனானான். அவன் பெயர் ஏட்டிலே ஏறியது. மூட்டை தூக்கியவன் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வரலாற்றிலே இதுவும் ஒரு வழக்கம்தானே!

பிறகு பீசப்பூர்ச் சுல்தானின் படை வந்தது. 1678-ல் நெடிய முற்றுகைக்குப் பின் மராட்டியர் வந்தனர். முப்பது ஆண்டு கழித்து மொகலாயர் வந்தனர். அப்புறம் ஆர்க்காட்டு நவாபின் உறவினர் வந்தனர். 1742-ல் நவாப் சப்தர் அலி, தன் மைத்துனன் முர்த்துசா அலியின் சூழ்ச்சியால் வேலூரிலே கொலையுண்டார். ஏழே ஆண்டுகளில், 1749 ஆகஸ்டில், பக்கத்து ஆம்பூரிலே நடந்த போரிலே நவாப் அன்வருதீன் கான் வீழ்ந்தார். இன்று உலகத்துக் காலுக்கெல்லாம் காலணி தைத்து அனுப்பும் ஆம்பூர், அன்று ஆர்க்காட்டு அரியணையின் தலையெழுத்தை எழுதிய ஆம்பூர்! கடைசியில் கும்பெனியார் வந்தனர். 1780 முதல் இரண்டாண்டு ஐதர் அலியின் படை கோட்டையைச் சூழ்ந்து நின்றது. உள்ளே இருந்த கும்பெனிப் படை பட்டினியோடு போராடித் தாக்குப் பிடித்தது.

எத்தனை கொடி ஏறி இறங்கியது பார்த்தீர்களா? மதில் யாரையும் விரும்பி அழைக்கவில்லை. யாரையும் வெறுத்துத் தள்ளவும் இல்லை. மதிலுக்குக் கட்சியில்லை. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

தோலில் பிறந்த தீப்பொறி

1799-ல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் களத்திலே மாண்டார். அவர் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் என்ன செய்வது? மைசூரிலே விட்டால் மக்கள் கூடுவார்கள். கும்பெனியார் கணக்குப் போட்டார்கள். நாலு பக்கமும் நீர், உள்ளே மாளிகை, வெளியே காவல். “வேலூருக்குக் கொண்டு போ!” என்றார்கள். மாளிகை சிறையானது. பட்டு மெத்தை உண்டு, பணியாளர் உண்டு, உதவிப்பணம் உண்டு. வாசலைத் தாண்டும் உரிமை மட்டும் இல்லை.

அடுத்து நடந்ததைத் தோல் தொழில் செய்யும் இந்த வட்டாரத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அந்தத் தீ ஒரு துண்டுத் தோலிலிருந்து கிளம்பியது.

1805 நவம்பரிலே சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். இந்துச் சிப்பாய் நெற்றியிலே குறி இடக்கூடாது. முசுலிம் சிப்பாய் தாடியை மழிக்க வேண்டும். இருவரும் ஐரோப்பியத் தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையின் குஞ்சம் தோலால் ஆனது. எந்த விலங்கின் தோல்? பசுவா, பன்றியா? சிப்பாய் கேட்டான். பதில் வரவில்லை, சவுக்கு வந்தது! 1806 மே மாதத்திலே தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவர் முதுகில் அடி விழுந்தது. படையை விட்டும் நீக்கப்பட்டார்கள்.

தோல் குற்றமா? இல்லை. தோல் உழைப்பவனுக்குச் சோறு போடும் பொருள். ஒருவன் தலையிலே எதை வைக்க வேண்டும் என்பதை அவனைக் கேளாமலே இன்னொருவன் முடிவு செய்தானே, அதுதான் குற்றம்!

சூலை 9. திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள்ளே திருமணம். கூட்டம் கூடியது, கூட்டத்தோடு கூட்டமாய்ச் சிப்பாய்களும் கலந்தார்கள். சூலை 10, விடியுமுன்னே வெடித்தது எழுச்சி. ஆங்கிலப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். திப்புவின் புலிக்கொடி கோட்டையிலே ஏறியது. அந்தச் சில மணி நேரம் வேலூர் அந்நியன் பிடியில் இல்லை!

ஆனால் செய்தி ஆர்க்காட்டுக்குப் பறந்தது. கில்லெசுப்பி என்ற தளபதி குதிரைப் படையோடு விரைந்து வந்தான். மதில் மேலே இன்னும் தாக்குப் பிடித்து நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் அவனை மேலே தூக்கி விட்டார்கள். பின்னாலே பீரங்கி வந்தது, வாசல் தகர்ந்தது. மாளிகைக்குள்ளே அடைக்கலம் புகுந்திருந்த நூறு பேரை வெளியே இழுத்து வந்து, ஒரு சுவரோரமாக நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். விசாரணை இல்லை, வாக்குமூலம் இல்லை. அன்று மடிந்த நம்மவர் பல நூறு பேர். தப்பிப் பிழைத்துப் பிடிபட்டவர்களிலே சிலரைப் பீரங்கி வாயிலே கட்டிச் சிதறடித்தார்கள்; சிலரைத் தூக்கிலிட்டார்கள்; சிலரை நாடு கடத்தினார்கள்.

தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807-ல் பதவியிழந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள். திப்புவின் பிள்ளைகள் தொலைதூரக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வடக்கே 1857-ல் மூண்ட பெருந்தீக்கு 51 ஆண்டுகளுக்கு முன்னே வேலூரிலே மூண்ட தீ இது. 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2006-ல் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. நகரிலே ஒரு நினைவுத் தூணும் உண்டு. நல்லதுதான். ஆனால் தபால் தலை கட்டைவிரல் அளவு. தூணைக் கடக்கும் பேருந்து அரை நொடியிலே கடந்துவிடுகிறது. நடந்த இடம் எது? மாளிகை! அந்த மாளிகைக்குள்ளே அந்தக் கதையைச் சொல்ல வேண்டாமா?

கண்டியிலிருந்து வந்த கைதி

திப்புவின் பிள்ளைகள் போனார்கள். அறைகள் காலியாயின. காலி அறையைக் கண்டால் கும்பெனியாருக்குக் கை பரபரக்கும்!

இலங்கையின் நடுவே மலைநாடு கண்டி. கடலோரமெல்லாம் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்டபோதும் தனியரசாக நின்ற நாடு. அதன் கடைசி அரசர் சிரீ விக்கிரம இராசசிங்கர். தமிழகத்து நாயக்கர் வழியிலே வந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. பிரதானிகள் பிரிந்தார்கள், ஆங்கிலேயர் நுழைந்தார்கள். 1815 பிப்ரவரியிலே அரசர் பிடிபட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலே மனைவியரோடும் உறவினரோடும் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூருக்கு அழைத்து வந்தார்கள். பதினாறு ஆண்டு இங்கே கைதி. 1832 சனவரி 30-ல் இங்கேயே கண்ணை மூடினார்.

எண்ணிப் பாருங்கள். கடல் சூழ்ந்த தீவிலே அரசனாக இருந்தவன், அகழி சூழ்ந்த தீவிலே கைதியாக மாண்டான்! பாலாற்றங்கரையிலே அவர் நினைவாக நிற்கும் முத்து மண்டபம் 1990-ல் திறக்கப்பட்டது. அவர் அடைபட்டிருந்த காலத்தின் சாட்சியாகக் கோட்டைக்குள்ளே கண்டி மகால் என்ற பெயர் நிற்கிறது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே இப்படியோர் இணைப்பு நம் வீட்டு வாசலிலே இருக்கிறது, நமக்கே தெரியவில்லை!

கோயில் பிழைத்தது எப்படி?

கோட்டைக்குள்ளே இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். தூணுக்குத் தூண் யாளி; கல்லிலே கொடி, கல்லிலே கிளி. வெள்ளையரே வியந்தார்கள். மண்டபத்தைக் கல் கல்லாகப் பெயர்த்துச் சீமைக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள் என்று ஊரிலே இன்றும் சொல்லுவார்கள்.

இத்தனை அழகுக்கும் நடுவே கருவறை காலி. படையெடுப்புக் காலத்துக்குப் பின் மூலவர் இல்லை, பூசை இல்லை. படைக்குத் தளவாடக் கிடங்காக இருந்தது கோயில். துப்பாக்கி மருந்துக்கு யாளியும் தெரியாது, கிளியும் தெரியாது. பிறகு தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலே அது ஒரு காட்சிப்பொருளானது. வழிபாடு இல்லாத நிலையிலே பாதுகாப்புக்கு வந்த சின்னத்திலே புதிதாக வழிபாடு கூடாது என்பது துறையின் நிலை. ஊராரோ விடவில்லை. 1981 மார்ச்சிலே சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கத்தை வண்டியிலேற்றிக் கொண்டுவந்து கருவறையிலே வைத்துவிட்டார்கள்! அன்றோடு அந்தப் பழைய பட்டியலிலே ஒரு வரி அடிபட்டுப் போனது. சாமியில்லாத கோயில் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதை நான் பக்திக்காகச் சொல்லவில்லை. அதே மதிலுக்குள்ளே மசூதியும் இருக்கிறது. 1846-ல் எழுந்த மாதா கோயிலும் இருக்கிறது. நம்பிக்கை அவரவர்க்கு. நான் சொல்லவந்தது பயனைப் பற்றி. ஆள் நடமாடும் இடம் பிழைக்கிறது. 2021 நவம்பர் மழையிலே அகழி நிறைந்து தண்ணீர் கோயிலுக்குள்ளே புகுந்தது. மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. அதிகாரிகள் வந்தார்கள்; வழி தேடினார்கள். ஏன்? கேட்பதற்கு ஆள் இருந்தது! அதே மழை மாளிகையின் கூரையிலே ஒழுகினால் யாருக்குத் தெரியும்? பூட்டிய அறையிலே சொட்டும் நீரைப் பல்லிதான் பார்க்கும். பல்லி மனு எழுதாது!

பழங்கட்டடம் எப்படிச் சாகிறது என்பதைக் கொத்தனாரைக் கேளுங்கள், சொல்லுவார். இடி விழுந்து சாவதில்லை. காக்கை போட்ட அரசம் விதை ஒன்று போதும். விதை வேராகும், வேர் விரிசலாகும், விரிசலிலே மழை இறங்கும், நீர் இறங்கினால் உத்திரம் உளுக்கும், ஒரு நாள் கூரை இறங்கும். ஆள் இருக்கும் வீட்டிலே அந்தச் செடியை இரண்டு இலை விடும்போதே பிடுங்கி எறிவார்கள். ஆளில்லாத மாளிகையிலே அது மரமாகிறது.

சுதந்திரத்துக்குப் பின் இந்த மாளிகைகளிலே நடந்தது என்ன? காவலர் பயிற்சி நடந்தது. அரசு அலுவலகங்கள் நடந்தன. திப்புவின் மக்கள் நடந்த முற்றத்திலே எழுத்தர் கோப்போடு நடந்தார். அதையும் குறை சொல்லமாட்டேன். மேசை போட்டாலும் பயன் பயன்தான். ஆனால் அலுவலகத்துக்கு அது ஒரு கூரை; அவ்வளவே. தடுப்புச் சுவர் வேண்டுமா, எழுப்பு. சுண்ணாம்பு உதிர்கிறதா, சிமெண்டைப் பூசு. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை மூச்சாக வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் மூச்சடைத்து உள்ளே புழுங்கி, உப்புப் பூத்து உதிரும். புது இடம் கிடைத்ததும் அலுவலகம் மூட்டை கட்டும். பின்னே இருப்பது பூட்டு மட்டும்.

இரண்டு தீவுகள் சொல்லும் பாடம்

“பழைய கட்டடத்தைக் கட்டி அழுவானேன்? விடுதியாக்கினால் வருமானம் வருமே!” என்பார் சிலர். “இடித்துவிட்டுப் பயனுள்ளதாக ஏதாவது கட்டலாமே!” என்பார் வேறு சிலர். இரண்டுக்கும் கடல் நடுவிலே உதாரணம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடலுக்குள் ஒரு சிறு திட்டு. அதன் மேலே ஒரு கோட்டை. கட்டியவர் போர்த்துகீசியர். 1658-ல் பிடித்த டச்சுக்காரர் அதற்கு ஆமன்ஈல் என்று பெயரிட்டார்கள். இலங்கைத் தீவு பன்றித் தொடை போன்றதாம். இது அதன் குதிகாலாம்! பின்னாளிலே அது தொற்றுநோயாளரை வைக்கும் இடமாயிற்று; சிறையாயிற்று; 1971 கிளர்ச்சிக்குப் பின் இளைஞர்களை அடைத்து வைத்தார்கள். இன்று? கடற்படை நடத்தும் உல்லாச விடுதி! கைதி கண்ணீரோடு கடலைப் பார்த்த இடத்திலே விருந்தினர் தேநீரோடு கடலைப் பார்க்கிறார். கட்டடம் பிழைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அறை வாடகை கொடுக்க முடிந்தவருக்காகப் பிழைத்தது. பக்கத்துக் கரையிலே வலை உலர்த்தும் மீனவரின் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது?

இன்னொரு தீவு அந்தமான். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறை. ஏழு கிளைகள், சக்கரத்தின் ஆரம் போல. விடுதலைக்குப் பின், “இனி எதற்கு?” என்று கிளைகளை இடித்தார்கள். அந்த இடத்திலே 1963-ல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அங்கே செக்கிழுத்து, சவுக்கடி பட்டு, மீண்டு வந்த முதியவர்கள் கொதித்தார்கள். “எங்கள் இரத்தம் காய்ந்த சுவரை இடிக்காதீர்கள்!” என்பதே அவர்கள் குரலின் பொருள். மூன்று கிளைகள் தப்பின. 1979-ல் அது தேசிய நினைவுச் சின்னமானது. ஏழிலே மூன்று! போன நாலும் திரும்பி வருமா?

ஆமன்ஈல் சொல்வது: பயன் கொடு, ஆனால் யாருக்குப் பயன் என்று கேள். அந்தமான் சொல்வது: காலத்திலே குரல் கொடு, இடித்த பின் கொடுக்காதே.

நாம் கேட்பது

வேலூரிலே அருங்காட்சியகம் இருக்கிறது, கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. தொல்பொருள் துறை அவ்வப்போது பழுதும் பார்க்கிறது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அருங்காட்சியகத்திலே பொருளைப் பார்க்கிறோம். நாம் கேட்பது, நடந்த இடத்தை நடந்த இடமாகவே பார்க்கும் உரிமை.

ஐந்து மாளிகைகளின் நிலை என்ன என்று அறை அறையாகக் கணக்கெடுத்து ஊரார் அறிய வெளியிடுங்கள். எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தச் சுவர் சாய்கிறது, எந்த அறை பூட்டியிருக்கிறது, ஏன் பூட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். பழுது பார்ப்பதைச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கைகளிடம் கொடுங்கள். அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இளைஞருக்கு அங்கேயே அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுங்கள். வேலையும் ஆகும், வேலைவாய்ப்பும் ஆகும்.

பழுது பார்த்த அறையைத் திறந்து வையுங்கள். ஒன்றிலே 1806-ன் கதையைச் சொல்லுங்கள். தோல் குஞ்சத்திலிருந்து பீரங்கி வாய் வரை. ஒன்றிலே கண்டி அரசரின் பதினாறு ஆண்டைச் சொல்லுங்கள். இலங்கையிலிருந்தும் வந்து பார்ப்பார்கள். ஒன்றை இந்த வட்டாரத்து உழைப்புக்குக் கொடுங்கள். ஆவாரம்பட்டையிலே தோல் பதனிட்ட நாளிலிருந்து, காலணித் தொழிற்சாலை வரை. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு, 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வரை. அரசர்களுக்கு மட்டும்தான் வரலாறா? மூட்டையிலே அரச குமாரனைத் தூக்கிக் காப்பாற்றியவனுக்கு இல்லையா?

கட்டணம்? வைக்காதீர்கள், வைத்தாலும் ஒரு சுண்டல் பொட்டலத்தின் விலைக்கு மேலே போகாதீர்கள். ஞாயிறு மாலை புல்வெளியிலே உட்காரும் அந்தப் பெண் யோசிக்காமல் உள்ளே நுழைய வேண்டும்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். ஒரே நாளிலே ஐந்து மாளிகையையும் திறக்கச் சொல்லவில்லை. ஓர் ஆண்டு ஓர் அறை! அறை திறந்தால் ஆள் வருவார்கள். ஆள் வந்தால் அக்கறை வரும். அக்கறை வந்தால் அடுத்த அறைக்கு வழி பிறக்கும். கோயிலிலே நடந்தது மாளிகையிலே நடக்காதா?

விசயநகரத்தார் சாவியை வைத்திருந்தபோது அது அரண்மனை. நவாபின் உறவினர் வைத்திருந்தபோது சூழ்ச்சிக் கூடம். கும்பெனியார் வைத்திருந்தபோது சிறை. அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சாவி கடைசியிலே மக்கள் கைக்கு வந்தது என்று 1947-ல் சொன்னோம். சொன்னது உண்மையானால், பூட்டு இன்னும் எதற்கு?

“அரசனில்லாத கோட்டை” என்று ஊரார் செய்த கேலி நமக்கு இழிவே அல்ல. அரசன் இல்லாததுதான் நமக்குப் பெருமை! ஆனால், “மக்களில்லாத மாளிகை” என்று நாளை ஒருவன் பட்டியலிலே புதுவரி சேர்த்தால், அன்று நம்மால் சிரிக்க முடியாது.

பிள்ளை கேட்டானே, “அம்மா, உள்ளே என்ன இருக்கிறது?” என்று. அந்தக் கேள்விக்கு விடையாக அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “வா, பார்க்கலாம்!” என்று உள்ளே நடக்க வேண்டும். அந்த நாளுக்காகக் கேட்போம். கூரை இருக்கும்போதே கேட்போம்!